கேர்கிவர் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

சித்தப்பாவுக்கு வயது 74. குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடா டாம்பாவில் மகன் வீடு, வெயில் ஏறினால் மிச்சிகனில் மகள் வீடு. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற தமிழ்ப் பெற்றோர் பலருக்கு வருடம் இப்படித்தான் போகிறது, பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாக. போன வருடம் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ ஆரம்பித்தார்கள். மூன்றாம் சுற்று முடிந்த பிறகு ரசம் தாளிக்கிற வாசனைக்கே வாந்தி வந்தது. சித்தி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி, அதாவது டாம்பாவில் இருக்கிற சித்தப்பா மகன், போன் செய்தான். “அண்ணா, மெடிக்கல் கஞ்சா வேணும்னா பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஃபார்ம்ல கேர்கிவர்னு ஒரு கட்டம் இருக்கு. என் பேரைப் போடவா, தங்கச்சி பேரைப் போடவா?”

நான் மருத்துவன் இல்லை, வக்கீலும் இல்லை. வீட்டில் எல்லாருடைய பாஸ்போர்ட், விசா, வரிப் படிவங்களையும் நிரப்பிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். வழக்கமாக ஒரு மாலையில் முடிகிற வேலை இது. இந்த ஒரு கட்டத்துக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும் கடைசியில் எப்படி முடிவெடுத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற இன்னொரு குடும்பத்துக்கு ஒரு வாரமாவது மிச்சமாகலாம்.

முதலில் ஒரு சந்தேகம். டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் வாங்குவது போல இதை வாங்க முடியாதா? முடியாது. 1970-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணையில் உள்ள பொருளுக்கு எந்த மருத்துவரும் மருந்துச்சீட்டு எழுத முடியாது, எழுதினால் மருந்து எழுத மத்திய அரசு தந்த அனுமதியே பறிபோகலாம். 2002-ல் கோனன்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மருத்துவர் இதை நோயாளிக்குப் பரிந்துரைத்துப் பேசுவது பேச்சுரிமைக்குள் வரும் என்று சொன்னது. ஆக, டாக்டரால் முடிந்தது ‘இவருக்கு இன்ன நோய் இருக்கிறது, இது உதவலாம்’ என்று ஒரு சான்று கொடுப்பது மட்டும். அந்தச் சான்றுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய விதத்தில் நிரப்பிக்கொண்டது. அப்படி வந்ததுதான் இந்தப் பதிவேடு, கார்டு, கேர்கிவர் எல்லாம். அதனால்தான் ஒரு மாநிலத்தின் விதி பக்கத்து மாநிலத்தில் செல்லுபடியாவதில்லை.

கேர்கிவர் என்ற சொல்லுக்குத் தமிழில் பராமரிப்பாளர் என்று எழுதுகிறார்கள். நம் வீட்டில் அப்படி யாரும் பேச மாட்டோம். ‘அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்றுதான் கேட்போம். நானும் அந்த அர்த்தத்தில்தான் படிவத்தைப் படித்தேன். அங்கேதான் சறுக்கல். மாநிலத்துக்கு மாநிலம் இந்த ஒரே சொல் வேறு வேறு வேலையைக் குறிக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஓரளவுக்கு நம் வீட்டு அர்த்தம்தான். 1996-ல் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் வந்த 215-ம் முன்மொழிவுதான் நாட்டிலேயே முதல் மருத்துவக் கஞ்சாச் சட்டம். அதில் கேர்கிவர் என்றால் நோயாளியின் வீடு, உடல்நலம், பாதுகாப்பு இவற்றில் ஒன்றுக்காவது தொடர்ந்து பொறுப்பேற்றிருப்பவர். சிலர் இதைச் சாக்காக வைத்து, செடி வளர்த்து நாலைந்து பேருக்குக் கொடுத்துவிட்டு ‘நான் அவர்களுடைய கேர்கிவர்’ என்றார்கள். 2008-ல் மென்ச் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கஞ்சா கொடுப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது, அதற்கு முன்பிருந்தோ அதே காலத்திலோ அந்த நோயாளியை வேறு விதங்களிலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றது. சோறு போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்தான் கேர்கிவர் என்று புரிந்துகொள்ளலாம்.

மிச்சிகனில் அதே சொல் கிட்டத்தட்டத் தோட்டக்காரர். 2008-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, பதிவு செய்த கேர்கிவர் ஒருவர் ஐந்து நோயாளிகள் வரைக்கும் ஏற்கலாம். ஒவ்வொருவருக்கும் 12 செடி. அவரே நோயாளியாகவும் பதிந்திருந்தால் தனக்கென்று இன்னும் 12, ஆக மொத்தம் 72. செடிகள் மூடிப் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் எப்போதுமே தகுதி கிடையாது. நோயாளி எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. விண்ணப்பத்தில் கேட்கிற முக்கியமான கேள்வியே, செடிகளை வைத்துக்கொள்ளப் போவது நீங்களா, உங்கள் கேர்கிவரா என்பதுதான். சித்தப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, “வீட்டுக்குப் பின்னாடி கறிவேப்பிலையே பனியில வர மாட்டேங்குது” என்றார்.

மெயின் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2018-ல் அங்கே சட்டத்தைத் திருத்தி, இன்ன நோய்க்குத்தான் என்ற பட்டியலையும், ஒரு கேர்கிவருக்கு இத்தனை நோயாளி என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். கேர்கிவர் 30 முதிர்ந்த செடி வரைக்கும் வளர்க்கலாம், கடையே திறந்து விற்கலாம். அங்கே கேர்கிவர் என்றால் சிறு வியாபாரி. வேடிக்கை என்னவென்றால் நோயாளி அங்கே பதிவே செய்ய வேண்டாம், டாக்டர் சான்று கையில் இருந்தால் போதும். சொந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மட்டும் வளர்த்துக் கொடுக்கிறவரும் பதிய வேண்டாம். அப்பா அம்மாவுக்குப் பிள்ளை செய்வதை அரசாங்கம் கணக்கு கேட்காது. எனக்குப் பிடித்த விதி இதுதான், ஆனால் எங்களுக்கு மெயினில் யாரும் இல்லை.

ஃபுளோரிடாவில் கேர்கிவர் என்றால் கையும் காலும். நோயாளிக்காகப் போய் வாங்கி வருவார், எடுத்துக் கொடுப்பார், வைத்திருப்பார். அதற்கு மேல் எதுவும் இல்லை. செடி வளர்க்கவே அனுமதி இல்லாத மாநிலம், நோயாளிக்கும் இல்லை, கேர்கிவருக்கும் இல்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும், உண்மையான செலவுக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. வெளியாள் என்றால் கைரேகை வைத்துப் பின்னணிச் சோதனை. நெருங்கிய உறவு என்றால் அது வேண்டாம். மகன், மகள், பேரன் மட்டுமில்லை, திருமண வழியில் வந்த உறவும் அந்தப் பட்டியலில் அடங்கும். அதாவது மருமகளுக்கும் கைரேகை கிடையாது. பொதுவாக ஒரு நோயாளிக்கு ஒரு கேர்கிவர்தான். நோயாளி சிறு குழந்தை என்றாலோ, வளர்ந்தவராக இருந்தும் அறிவு அல்லது வளர்ச்சிக் குறைபாட்டால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாதவர் என்றாலோ விலக்கு உண்டு.

ஆக, தம்பியும் தங்கையும் ஒரே கட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, டாம்பாவில் இருந்தவன் வாங்கி வருகிறவரைப் பற்றியும், மிச்சிகனில் இருந்தவள் வளர்க்கிறவரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதைப் புரிந்துகொண்டதும்தான் எங்களுக்கு ஒப்பிட முடிந்தது.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. கார்டே எடுக்காமல் மிச்சிகனில் கடையில் வாங்குவது, மிச்சிகனில் பதிவது, ஃபுளோரிடாவில் பதிவது, அப்புறம் எங்கேயும் பதியாமல் மருந்துச்சீட்டில் கிடைக்கிற மாத்திரையை வாங்குவது. கடைசி வழி ஒன்று இருப்பதே எங்களுக்கு முதலில் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிச்சிகனில் 2018-லேயே 21 வயது ஆன யாரும் கஞ்சா வாங்கலாம் என்று ஆகிவிட்டது. வெளியே எடுத்துப் போக 2.5 அவுன்ஸ், அதாவது 70 கிராம் சுமார். வீட்டில் 10 அவுன்ஸ் வரை. வீட்டுக்கு 12 செடி. வயதைக் காட்ட ஓர் அடையாள அட்டை போதும், அது எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும் சரி. பணம் வாங்காமல் 21 வயதான இன்னொருவருக்கு 2.5 அவுன்ஸ் வரைக்கும் கொடுக்கவும் சட்டம் விடுகிறது. மகன் வாங்கி வந்து அப்பாவிடம் கொடுப்பதற்கு அங்கே மாநிலச் சட்டத்தில் எந்தக் கார்டும் தேவையில்லை.

அப்படியானால் மிச்சிகனில் யார்தான் கார்டு எடுக்கிறார்கள்? அதற்கும் காரணங்கள் உண்டு. ஒன்று பணம். பொதுக் கடையில் 6 சதவீத விற்பனை வரிக்கு மேல் 10 சதவீத கலால் வரி விழும், மருத்துவக் கார்டுக்கு அந்தக் கலால் வரி இல்லை. கார்டுக்கு 40 டாலர், இரண்டு வருடத்துக்கு. மாதம் 100 டாலருக்கு வாங்குகிறவருக்கு இரண்டு வருடத்தில் கலால் வரியில் மட்டும் 240 டாலர் மிச்சம். கார்டுப் பணம் போக 200. அதில் டாக்டர் சான்றுக்குக் கொடுப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள், காப்பீடு அதைத் தராது. மாதம் 20, 30 டாலருக்கு ஜெல்லி, அதாவது கஞ்சா கலந்த மிட்டாய், வாங்குகிறவருக்கு இது வெறும் அலைச்சல்.

இன்னொரு காரணம் வயது, இது பணத்தைவிடப் பெரிது. 18 முதல் 20 வயது வரை உள்ள நோயாளிக்குக் கார்டு தவிர வேறு வாசல் இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு டாக்டர் போதாது, இரண்டு பேர் சான்று தர வேண்டும். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ எழுத்தில் சம்மதித்து, அவரே கேர்கிவராகப் பதிய வேண்டும். வலிப்பு நோய் உள்ள குழந்தையின் தாய்க்கு இந்தப் பதிவேடு உயிர்நாடி. 74 வயதுக்காரருக்கு அந்தத் தேவை இல்லை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது, நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். 2005-ல் ரைக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் மேலே நிற்கும் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஏஞ்சல் ரைக் கலிஃபோர்னியாவில் கடுமையாக நோயுற்றிருந்த பெண். அவருக்காகச் செடி வளர்த்துக் காசு வாங்காமல் கொடுத்தவர்கள் அவருடைய இரண்டு கேர்கிவர்கள். அவர்களும் அந்த வழக்கில் சேர்ந்திருந்தார்கள். வியாபாரமே நடக்காத இடத்திலும் மத்திய அரசின் கை நீளும் என்று ஆனது. பிறகு 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களைத் தடுக்க நீதித்துறை தன் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று. அதில் ‘மருத்துவ’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பொதுக் கடையில் வாங்குகிறவருக்கு அந்தக் குடை இல்லை, மாநில மருத்துவ விதிப்படி நடக்கிறவருக்கு உண்டு. ஒரு கிழவர் ஜெல்லி வாங்கியதற்காக மத்திய அதிகாரி கதவைத் தட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனாலும் கார்டின் பக்கம் வைக்க வேண்டிய எடைக்கல்தான் இது.

கார்டுக்கு எதிர்ப்பக்கத்திலும் எடைக்கல் இருக்கிறது. பெயர் ஒரு அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. மிச்சிகன் சட்டம் அந்த விவரத்தை ரகசியம் என்கிறது, கசியவிடுகிற அலுவலருக்கு ஆறு மாதம் வரை சிறை என்றும் சொல்கிறது. கலிஃபோர்னியா இதை அழகாகச் செய்திருக்கிறது. அங்கே மாவட்டச் சுகாதாரத் துறை கொடுக்கிற விருப்பக் கார்டில் நோயாளியின் பெயரே இருக்காது. படம், ஒரு எண், முடிவுத் தேதி. போலீஸ்காரர் அந்த எண்ணை இணையத்தில் தட்டினால் செல்லும், செல்லாது என்று மட்டும் வரும். மாநிலத்தின் கணினியில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. பதிவேடு என்றாலே ஆதார் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இப்படியும் கட்ட முடியும் என்பது புதிதாக இருந்தது. மற்ற மாநிலங்கள் ஏன் இதைப் பார்த்து எழுதவில்லை என்பது புரியவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். வாங்கும்போது நிரப்புகிற மத்தியப் படிவத்தில் கஞ்சா பயன்படுத்துகிறீர்களா, மாநிலம் அனுமதித்தாலும் அது மத்தியச் சட்டத்தில் குற்றம்தான் என்று அச்சடித்தே கேட்கிறார்கள். சித்தப்பாவிடம் இருக்கிற ஒரே ஆயுதம் தேங்காய் உடைக்கிற அரிவாள் என்பதால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஃபுளோரிடா நிலைமையே வேறு. 2016-ல் 71 சதவீதம் பேர் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு 2024-ல் நடந்த வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும், தேவையான 60 சதவீதம் கிடைக்காமல் தோற்றது. ஆகவே அங்கே கார்டு இல்லாதவர் கையில் கஞ்சா இருந்தால் குற்றம். 20 கிராமைத் தாண்டினால் பெருங்குற்றம். அப்பாவுக்காக வாங்கி வந்தேன் என்பதெல்லாம் எடுபடாது. கேர்கிவர் கார்டு இல்லாத மகன் அப்பாவின் ஜெல்லி டப்பாவைக் காரில் வைத்து ஓட்டி வந்தால் அவன் வெறும் கஞ்சா வைத்திருந்தவன்தான். மிச்சிகனில் அலங்காரமாக இருந்த கேர்கிவர் கட்டம் இங்கே முதுகெலும்பாகிவிடுகிறது.

அதற்கு ஏற்ற கெடுபிடியும் உண்டு. தகுதி பெற்ற மருத்துவர் முதல் தடவை நேரில் பார்த்து, நோயாளியை மாநிலப் பதிவேட்டில் தானே ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு நோயாளி தன் பங்குக்கு 75 டாலர் கட்டிக் கார்டு வாங்க வேண்டும், கேர்கிவருக்கு இன்னொரு 75. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். டாக்டரின் சான்றோ 210 நாளுக்குத்தான். கார்டு ஒரு தாளத்தில் ஓடும், சான்று இன்னொரு தாளத்தில் ஓடும். கார்டில் தேதி மிச்சம் இருக்கிறதே என்று கடைக்குப் போய், சான்று முடிந்துவிட்டது என்று வெறுங்கையோடு திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்றை நல்லதாகச் சொல்ல வேண்டும், அங்கே மருத்துவக் கஞ்சாவுக்கு விற்பனை வரி கிடையாது. கடைகள் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகின்றன. நோயாளி தெம்பாக இருந்து, கார்டைத் தானே காட்டி வாங்கிக்கொள்ள முடியும் என்றால் கேர்கிவருக்கு 75 டாலர் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. கீமோ முடிந்த வாரத்தில் சித்தப்பா கட்டிலை விட்டு எழுந்து கதவு வரை வருவதே பெரிய காரியம். எங்களுக்கு அவசியம் இருந்தது.

இரண்டு மாநிலத்திலும் பதிந்துவிட்டால் என்ன என்று தம்பி கேட்டான். இரண்டிலும் அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கான அத்தாட்சி கேட்கிறார்கள், ஒருவருக்கு ஒரு ஓட்டுநர் உரிமம்தான் இருக்க முடியும். ஃபுளோரிடாவில் பருவகால வாசி என்று ஒரு வகை உண்டு. வருடத்தில் தொடர்ந்து 31 நாளாவது தங்குகிற, வேறு மாநிலத்தில் வாக்காளராகவோ வரி கட்டுகிறவராகவோ இருக்கிற ஆள் விண்ணப்பிக்கலாம். ஆனால் சித்தப்பாவின் உரிமம் ஃபுளோரிடாவுடையதுதான். அதோடு மிச்சிகன் கார்டை ஃபுளோரிடாக் கடையில் காட்டினால் அது வெறும் பிளாஸ்டிக். ஃபுளோரிடா ஆள் மிச்சிகனுக்குப் போனாலோ, கார்டே இல்லாமல் வயதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். இதை எழுதிப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. விதி தளர்வாக இருக்கிற இடத்தில் கார்டுக்குச் செலவழிப்பதைவிட, இறுக்கமாக இருக்கிற இடத்தில் பதிவதுதான் புத்திசாலித்தனம். ஒரு மாநிலத்தில் வாங்கியதை இன்னொன்றுக்கு எடுத்துப் போகவே கூடாது, எல்லை தாண்டினால் அது மத்திய விவகாரம். இரண்டு பக்கமும் அனுமதி இருந்தாலும் அப்படித்தான்.

மீதிப் பாதி குழப்பம் தங்கையைப் பற்றியது. தமிழ்க் குடும்பங்கள் படிவத்தைத் தொடும் முன் யோசிக்க வேண்டியதும் இதுதான். சித்தப்பாவும் தம்பியும் குடியுரிமை பெற்றவர்கள். தங்கையும் மாப்பிள்ளையும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறார்கள். குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் கையில். அவர்களுக்கு மிச்சிகன் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது: மாநிலம் அனுமதித்த கஞ்சா நடவடிக்கையாக இருந்தாலும், அது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைக் கெடுக்கலாம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில், எந்த மாநிலத்தின் அல்லது நாட்டின் போதைப்பொருள் சட்டத்தையாவது எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. தண்டனை பெற்றீர்களா என்பது அந்தக் கேள்வி இல்லை. மீறினீர்களா என்பதுதான். வழக்கே இல்லாவிட்டாலும், தானே ஒப்புக்கொள்வது போதும், கதவு மூட.

நோயாளியாகப் பதிகிறவர் தனக்காக வைத்திருக்கிறார். கேர்கிவராகப் பதிகிறவர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கிறார், மிச்சிகனில் என்றால் வளர்க்கவும் செய்யலாம். மத்தியச் சட்டத்தின் கண்ணில் இரண்டாவது முதலாவதைவிட மோசம். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகள் என்று நாம் பெருமையாக எழுதுகிற அந்தக் கட்டம், அவளுடைய ஐ-485-ல் அவளே கொடுக்கிற சாட்சியாக நிற்கும். தங்கை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பாவுக்கு நான்தானே எல்லாம் பண்றேன், அப்புறம் என்ன?” என்றாள். குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிய பிறகு, அதற்கு அவர் வாங்கிய கட்டணம் இரண்டு மாநிலத்துக் கார்டுக்கும் சேர்த்து ஆகிற காசைவிட அதிகம், சரி என்றாள். வக்கீல் ஒன்று சேர்த்துச் சொன்னார்: பெயரைப் பதியாமல் இருப்பது மட்டும் போதாது, கடைக்குப் போய் வாங்குவது, டப்பாவைத் தன் கைப்பையில் வைத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருக்கிற பெற்றோருக்கும் இதே கதைதான். அவர்களுக்குக் கஞ்சா வழியே வேண்டாம் என்பது என் கருத்து, வலி எவ்வளவு இருந்தாலும் வேறு மருந்து பார்க்கலாம்.

வேறு மருந்து என்றதும் நான்காவது வழி. டிரோனாபினால் என்று ஒரு மாத்திரை. கஞ்சாவின் முக்கியமான வேதிப்பொருளான டிஎச்சியைச் செயற்கையாகச் செய்து அடைத்தது. கீமோ வாந்திக்காக 1985-லேயே மத்திய மருந்துத் துறை அனுமதித்தது. இதற்கு முறையான மருந்துச்சீட்டு, சாதாரண மருந்துக்கடை, காப்பீடு எல்லாம் உண்டு. பதிவேடு இல்லை, கேர்கிவர் இல்லை. மகள் போய் வாங்கி வந்தாலும் எந்த மாத்திரையையும் வாங்கி வருவது போலத்தான். வலிப்புக்கு எபிடியோலெக்ஸ் என்ற திரவம் இதே மாதிரி 2018-ல் அனுமதி பெற்றது.

கஞ்சா கார்டைப் பற்றிப் பேசிய டாக்டரே இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று தெரியவில்லை. நாங்கள் கேட்டதும் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனம் முன்அனுமதி என்று சொல்லி 11 நாள் இழுத்தது. முதலில் தொலைநகல் வரவில்லை என்றார்கள், வந்தது என்று நிரூபித்தபின் ஒரு பக்கம் குறைகிறது என்றார்கள். டாம்பா வீட்டில் அந்த 11 நாளும் வாந்தி வாளி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

மாத்திரை வந்ததும் சித்தி பெட்டியில் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். உள்ளே மருந்து எள் எண்ணெயில் கரைந்திருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். “நல்லெண்ணெய்தானா? அப்ப குடுக்கலாம்” என்றார். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டு, ஊரில் போலீஸ் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிற சாமானா என்று பதறியவர், நல்லெண்ணெய் என்றதும் சமாதானமாகிவிட்டார்.

மாத்திரை வாந்தியை நன்றாகவே குறைத்தது. ஆனால் தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கம். அளவைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம், விழுங்கினால் ஏற நேரமாகும், ஏறியபின் இறங்கவும் நேரமாகும். பசியும் பெரிதாக வரவில்லை. ஆகவே ஃபுளோரிடாக் கார்டும் எடுத்தோம். சித்தப்பா நோயாளி, தம்பி கேர்கிவர். உறவு என்பதால் கைரேகைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஜெல்லி டப்பா வந்தபோது எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே பளிச்சென்ற நிறம் கூடாது, கரடி பொம்மை வடிவம் கூடாது, வெறும் சதுரமோ வட்டமோதான். ஒரு துண்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சித்தப்பா கால் துண்டில் ஆரம்பித்தார். மாத்திரையும் ஜெல்லியும் ஒரே நாளில் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், இரண்டும் ஒரே சரக்குதானே. எந்த நாளில் எது என்று தம்பி காலண்டரில் எழுதி வைக்கிறான், தினசரி காலண்டரில், நல்ல நேரம் ராகு காலம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே.

நான்கு வழியில் இரண்டை எடுத்து, இரண்டை விட்டோம் என்று ஆகிறது. மிச்சிகன் கார்டு எங்களுக்குத் தேவைப்படவில்லை. மிச்சிகன் பொதுக் கடையைக் கொஞ்சம் யோசித்தோம். சித்தப்பா குடியுரிமைக்காரர், அவரே போய் வாங்கலாம், மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஓட்டிப் போகப் போவது தங்கை, வாங்கியது வைக்கப்படப் போவது தங்கை வீட்டு அலமாரி. பத்து வருடம் வரிசையில் நின்றவளின் வீட்டில் அது வேண்டாம் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.

போன மாதம் மிச்சிகனுக்குக் கிளம்பினார். ஜெல்லி டப்பாவைத் தம்பியின் அலமாரியில் வைத்து, சாவியை அவனிடமே கொடுத்தார். கேர்கிவர் கார்டு அவனுடைய பர்ஸில் இருக்கிறது. மாத்திரைப் புட்டியை மட்டும், மருந்துக்கடைச் சீட்டு ஒட்டியபடி, ஐஸ் பையில் வைத்துக் கையோடு எடுத்துப் போனார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம். மாத்திரையை யாரும் கேட்கவில்லை, சித்தி வைத்துக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.